வெயிலுக்கு 'தெம்பு' பானம்: மருந்து எது? சர்க்கரைத் தண்ணீர் எது?

சென்னையில் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி.

இரவு 9 மணி இருக்கும். கடையை எடுத்துவைக்கிற நேரம். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் அவசரமாக வருவார். பின்னால் கணவர்.

"அண்ணே, கொழந்தைக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுது. ஓ.ஆர்.எஸ். குடுங்க."

"பவுடராம்மா, ஜூஸா?"

"ஜூஸே குடுங்கண்ணே. பவுடரு கலக்கிக் குடுத்தா உப்புக் கரிக்குதுன்னு துப்பிடறான்."

ஆப்பிள் படமோ, ஆரஞ்சுப் படமோ போட்ட 200 மில்லி அட்டைப்பெட்டி கை மாறும். முப்பது சொச்சம் ரூபாய் கல்லாவில் விழும். குழந்தை சப்புக்கொட்டிக் குடிக்கும். தாய்க்கு நிம்மதி.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஓ.ஆர்.எஸ். இல்லை. பழ வாசனை போட்ட சர்க்கரைத் தண்ணீர்!

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வரை இந்த வியாபாரம் நாடு முழுவதும் பகிரங்கமாக நடந்தது. போலிச் சரக்கும் அல்ல, திருட்டுச் சரக்கும் அல்ல. பெரிய பெரிய கம்பெனிகள், முறையாக லைசென்சு வாங்கி, பில் போட்டு விற்றவை. பெட்டியின் நெற்றியில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்று எழுத்து ஏதோ ஒரு ஒட்டோடு கொட்டை எழுத்தில் இருக்கும். 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல' என்ற உண்மையும் அதே பெட்டியில் இருக்கும். எங்கே? எறும்பு சைஸ் எழுத்தில், இங்கிலீஷில்!

இரவு 9 மணிக்கு அழுகிற குழந்தையோடு நிற்கிற தாய், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டா படிப்பார்?

டாக்டரின் 8 ஆண்டுப் போராட்டம்

இதைப் பிடித்துக்கொண்டு விடாமல் சண்டை போட்டவர் ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுக்கிறார். பெற்றோரும் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். குழந்தைக்கோ குணமாகவில்லை. என்ன வாங்கினீர்கள் என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஐகோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். வீடியோவில் பேசினார். ஏறத்தாழ 8 ஆண்டுகள்!

இதற்கிடையே மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் செய்த வேலை வேடிக்கையானது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ எழுத்தைச் சேர்த்து 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டுக்கொள்ளலாம், 'இது அசல் அல்ல' என்று ஒரு வரி போட்டால் போதும் என்று 2022-ம் ஆண்டு ஜூலையில் அனுமதி கொடுத்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியிலும் அதையே உறுதி செய்தது. பாலில் தண்ணீர் கலப்பவன் 'இது பால் அல்ல' என்று கேன் அடியில் எழுதிவைத்தால் விட்டுவிடலாம் என்கிற மாதிரி!

கடைசியில் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி அந்த இரண்டு அனுமதிகளும் ரத்து செய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத எந்தப் பானமும் பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போடக்கூடாது என்று ஆணை பிறந்தது. அன்று டாக்டர் சிவரஞ்சனி கண்ணீரோடு பேசிய வீடியோ நாடெங்கும் பரவியது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? டெல்லி ஐகோர்ட்டுக்கு ஓடின. கோடிக்கணக்கில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, அதையாவது விற்றுத் தீர்க்க விடுங்கள் என்று கேட்டன. முதலில் ஒரு கம்பெனிக்குத் தற்காலிக நிவாரணம் கிடைத்தது. ஆனால் அந்த மாதக் கடைசியில் வந்த இன்னொரு கம்பெனியின் மனுவை ஐகோர்ட்டு ஏற்கவில்லை. நவம்பரில், கடைகளிலும் ஆன்லைனிலும் உள்ள சரக்கை உடனே அகற்றும்படி மாநில அதிகாரிகளுக்கு உத்தரவு போயிற்று.

பெயர் போனது. சரி. பானம் போனதா? அதுதான் இல்லை. பெயர் மாற்றி அலமாரிக்குத் திரும்பி வருவதற்குத் தடை ஏதும் கிடையாது. தடை அந்த மூன்று எழுத்துக்கு மட்டும்தான். அதனால், வாங்குகிறவர் இனிமேலும் உஷாராக இருக்கவேண்டியதுதான்.

ஒரு லிட்டருக்கு 13½ கிராம்

ஓ.ஆர்.எஸ். என்பது என்ன? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். அவ்வளவுதான். 2002-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து முடிவு செய்த அளவு இது.

இதில் குளுக்கோஸ் இருப்பது தித்திப்புக்காக அல்ல. குடலின் உள்சுவரில் உப்பை உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று உண்டு. அந்த வாசல் குளுக்கோசும் உப்பும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். ஜோடி உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். எவ்வளவு பேதியானாலும் இந்த வாசல் மட்டும் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் சர்க்கரை கூடினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறினால் குடலுக்குள் அது தேங்கி, உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். பேதி நிற்காது. அதிகமாகும்! உப்பும் போதாது. குழந்தை இன்னும் துவண்டுபோகும்.

சாதாரண பழ பானம் ஒன்றில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை சர்வ சாதாரணம். 200 மில்லிப் பெட்டி என்றால் 20 கிராம். அதே 200 மில்லி அசல் ஓ.ஆர்.எஸ்.சில் 2.7 கிராம்தான். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த உப்பு மருந்தின் பெருமை உலகத்துக்குத் தெரிந்தது நம் நாட்டில்தான். 1971-ம் ஆண்டு. வங்காளதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற ஊரில் முகாம். காலரா புகுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துப் பெரிய டிரம்களில் வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே பிடித்துக் கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது! 'இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம்' என்ற பொருளில் 'லான்செட்' மருத்துவ ஏடு 1978-ம் ஆண்டு தலையங்கம் எழுதியது. மகலனாபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கலாம்.

புட்பால் மைதானத்தில் பிறந்த பணமரம்

அதே உப்பு, அதே சர்க்கரை, அதே தண்ணீர். அமெரிக்காவில் வேறு கதையாயிற்று.

1965-ம் ஆண்டு. புளோரிடா பல்கலைக்கழகத்தில் 'கேட்டர்ஸ்' என்று ஒரு புட்பால் டீம். கேட்டர் என்றால் முதலை. வீரர்கள் தலைக்கவசமும் மார்புக்கட்டும் போட்டுக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் ஆடுவார்கள். சுருண்டு விழுவார்கள். "ஆட்டம் முடிகிற வரை பையன்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே, ஏன்?" என்று துணைப் பயிற்சியாளர் ஒருவர் அங்கேயுள்ள சிறுநீரக டாக்டர் ராபர்ட் கேடிடம் கேட்டார்.

வருகிற தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போனால் சிறுநீர் எங்கிருந்து வரும்? உப்பும் கூடவே போகிறது. டாக்டர் கேடும் கூட்டாளிகளும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைத் தயார் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. டாக்டரின் மனைவி, எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள் என்றார். அதுதான் 'கேட்டரேட்' பிறந்த கதை.

நம்ம ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்!

1967-ம் ஆண்டு தொடக்கத்தில் அந்த டீம் 'ஆரஞ்ச் பவுல்' என்ற பெரிய போட்டியில் ஜெயித்தது. பானத்தின் பெயர் பரவியது. ஒரு கம்பெனி விற்பனை உரிமையை வாங்கியது. ராயல்டியில் எனக்கும் பங்கு வேண்டும் என்று பல்கலைக்கழகம் கோர்ட்டுக்குப் போனது. 1973-ம் ஆண்டு சமாதானம் ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்கு 20 சதவீதம். இதுவரை 25 கோடி டாலருக்கு மேல் வந்திருக்கிறது. கம்பெனி கை மாறிக் கை மாறி 2001-ல் பெப்சியிடம் வந்தது. 2004-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

பன்காவ் டிரம்மில் கரைத்த உப்புத் தண்ணீரின் சூத்திரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தயாரிக்கலாம். அதற்கு விளம்பரமும் இல்லை, கிரிக்கெட் வீரரும் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. காசில்லாமல் கிடைப்பதை யார் மதிக்கிறார்கள்?

10 ரூபாய் யுத்தம்

'ஸ்போர்ட்ஸ் டிரிங்க்' என்று பாட்டிலில் போட்டிருப்பது எதற்கு நல்லது? ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியாடி வியர்வை கொட்டுகிறவர்களுக்கு. அதில் சர்க்கரை 100 மில்லிக்கு 6 கிராம் அளவில் இருக்கும். ஓ.ஆர்.எஸ்.சைவிட நாலு மடங்குக்கு மேல். உப்புச்சத்தோ ஓ.ஆர்.எஸ்.சில் இருப்பதில் ஏறத்தாழ கால் பங்கு. மாரத்தான் ஓடுகிறவருக்குத் தசை வேலை செய்யச் சர்க்கரை வேண்டும். சரி. மாம்பலம் ஸ்டேஷனில் ரெயில் பிடிக்க நூறு அடி ஓடியவருக்கு எதற்கு?

ஜிம்முக்குப் போய் அரை மணி நேரம் வியர்த்துவிட்டு அரை லிட்டர் பாட்டிலைக் காலி செய்கிற வாலிபர்கள் நகரில் ஏராளம். 30 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அதாவது 6 டீஸ்பூன்! பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உடம்பு இளைக்கப் பணம் கட்டிப் போய்விட்டு, திரும்பும் வழியில் பணம் கொடுத்து ஏற்றிக்கொள்வது ஒரு கூத்துதான்.

ரொம்ப நாள் இந்த பாட்டில் ஏரியா வசதிக்காரர் ஏரியாவாகத்தான் இருந்தது. ஏழை பாழைக்கு இருக்கவே இருக்கிறது கோலி சோடா, எலுமிச்சை உப்பு சோடா, 'கலர்'. வீட்டில் இருந்தால் குளுக்கோஸ் டப்பா.

2025-ம் ஆண்டு பிப்ரவரியில் நிலைமை மாறியது. ரிலையன்ஸ் கம்பெனி 'ஸ்பின்னர்' என்ற விளையாட்டுப் பானத்தை இறக்கியது. கூட்டாளி யார் தெரியுமா? டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளீதரன்! சென்னை சூப்பர் கிங்சுக்கு ஆடியவர், சேப்பாக்கத்துக்குப் பழக்கப்பட்ட முகம். 150 மில்லி பாட்டில் விலை 10 ரூபாய். டீக்கடையில் ஒரு டீ விலை கூட இல்லை.

இதனால் பெட்டிக்கடைக்காரர் பாடுதான் திண்டாட்டம். கம்பெனிக்காரர்கள் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜைக் கடையில் கொண்டுவந்து வைப்பார்கள். 'எங்க சரக்கு மட்டும்தான் இருக்கணும்' என்பது நிபந்தனை. கரண்டு பில் கடைக்காரர் தலையில். கண் மட்டத்தில் எந்தப் பாட்டில், கால் மட்டத்தில் எந்தப் பாட்டில் என்பதைக்கூட லைன் வண்டியில் வருகிற பையன்தான் தீர்மானிப்பான். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு 2017-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் பெப்சி, கோக் விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்ததும், உள்ளூர் கலர்களுக்கு யோகம் அடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். பிறகு பிரிட்ஜ் பழையபடி நிறைந்துவிட்டது.

அந்த பிரிட்ஜில்தான் குழப்பமே. குளிர்பானம், பழ பானம், விளையாட்டுப் பானம், இதய ஓட்டத்தைக் கூட்டும் காபின் பானம் எல்லாம் தோளோடு தோள் நிற்கின்றன. நிறமும் அதே பளபளப்பு. வாங்குகிறவர் வாயில் வருவது ஒரே வார்த்தை:

"தெம்பா எதுனா குடுண்ணா!"

சிவப்புப் பாட்டில்

இப்போது பள்ளி விடுகிற நேரத்தில் பெட்டிக்கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும். யூனிபார்ம் போட்ட பையன்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்குவது பெரும்பாலும் 'எனர்ஜி டிரிங்க்'. ஒரு காலத்தில் இது 100 ரூபாய் டின்னாக மட்டும் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டோடு சரி. 20 ரூபாய் பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு சந்து பொந்தெல்லாம் புகுந்துவிட்டது. ராத்திரி டியூட்டி வாட்ச்மேன், சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், லாரி டிரைவர், பரீட்சைக்குப் படிக்கிற மாணவன் எல்லோர் கையிலும் இருக்கிறது.

இதற்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஓ.ஆர்.எஸ்.சுக்கும் சம்பந்தம் இல்லை. இதன் சரக்கு காபின். காபியில் இருக்கும் அதே பொருள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியச் சட்டம். 250 மில்லி பாட்டில் என்றால் 75 மில்லிகிராம் வரை. பெரியவர் ஒருவர் குடிக்கும் ஸ்ட்ராங் காபி ஒரு டம்ளர் அளவு.

ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு 2015-ம் ஆண்டு சொன்ன கணக்குப்படி, சிறுவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் காபின்தான் ஒரு நாளைய எல்லை. 25 கிலோ எடையுள்ள மூன்றாம் வகுப்புப் பையனுக்கு ஒரே பாட்டிலில் எல்லை வந்துவிடுகிறது. இரண்டாவது பாட்டில் குடித்தால்? படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல். 'படிக்கவே மாட்டேங்கறான்' என்று அம்மா திட்டுவார்.

'அதிக காபின் கொண்டது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு உகந்ததல்ல. நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம்' என்று பாட்டிலிலேயே போடவேண்டும் என்பது விதி. போட்டிருக்கிறார்கள். மறுபடியும் அதே எறும்பு எழுத்து! போலந்து நாட்டில் 2024-ம் ஆண்டு ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை விற்கத் தடை. லிதுவேனியா 2014-லேயே தடை போட்டுவிட்டது. இங்கே 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் 40 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்குகிறார்கள். அரசுக்கு வரி வருகிறது. யூனிபார்ம் பையனிடம் வயசு கேட்பார் யாரும் இல்லை.

'வயசு கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்' என்பது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மெரினாவில் 5 உயிர்

அப்படியானால் வெயிலில் உழைக்கிறவர் என்னதான் குடிப்பது?

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதியைச் சென்னை மறக்காது. மெரினாவில் விமான சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். குழந்தை குட்டிகளோடு காலையிலேயே மணலில் போய் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் வெயில். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று ஜனங்கள் புலம்பினார்கள். அன்று 5 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெயிலின் தாக்கமே காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அதே மாதக் கடைசியில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலுக்குப் பலியானால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு ஆணை போட்டது. வேகாத வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.சும் தரவும் அதில் வழி உண்டு.

அன்று மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது நீலக் கலர் பாட்டில் அல்ல. நிழலும் தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும்தான்.

கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர், கொத்தவால்சாவடிப் பக்கம் கைவண்டி இழுக்கிறவர், ரோடு போடுகிற பெண்கள். நாள் முழுதும் வியர்க்கிற இவர்களுக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் இதெல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் ஜாஸ்தி, சோடியம் கம்மி. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீர் குடித்தாலும் சோற்றில் உப்பு வேண்டும். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்புக் கரைசலோ இளநீரோ இஷ்டத்துக்குக் குடிக்கக்கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

மருந்துக்கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று கேட்டால் மட்டும் போதாது. 'டபிள்யூ.எச்.ஓ. பார்முலா பாக்கெட்' என்று கேட்கவேண்டும். பாக்கெட்டின் முதுகைத் திருப்பினால் மேலே சொன்ன நாலு பொருளும் கிராம் கணக்கோடு இருக்கும். 13.5 கிராம் குளுக்கோஸ் என்ற எண்ணைத் தேடினால் போதும். 'சேர்க்கப்பட்ட சர்க்கரை', 'பழச்சாறு செறிவு' என்றெல்லாம் இருந்தால் அது உணவுப் பானம். மருந்து அல்ல. குடிக்கத் தயாராகக் கலந்தே வருகிற அசல் ஓ.ஆர்.எஸ்.சும் உண்டு. அதிலும் அதே நாலு பொருள், அதே விகிதம்தான்.

வாங்கிய பிறகு வீட்டில் நடக்கிற தவறு இன்னொன்று. 21 கிராம் பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நாலு கிராம் சொச்சம் உள்ள சின்னப் பாக்கெட் என்றால் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இது விபரீதம். உப்பு ஐந்து மடங்கு ஏறிவிடும். குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். பாதி பாக்கெட்டைப் போட்டு மீதியை மடித்து வைப்பதும் கூடாது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்கவேண்டும். பாலிலோ, ஜூசிலோ, சோடாவிலோ கலக்கக்கூடாது. சர்க்கரை மேலே தூவக்கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் தலைதட்டி இருக்கவேண்டும். கும்பலாக அல்ல.

ஒவ்வொரு தடவை பேதியானதும், 2 வயதுக்குள் இருந்தால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாகத்தான். வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்தாமல், 10 நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாக ஆரம்பிக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே 14 நாளைக்கு டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரை. அதையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள்.

கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், வாய் காய்ந்து, மணிக்கணக்கில் ஒன்றுக்குப் போகாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்கவே மாட்டேன் என்று தலையைச் சாய்த்துவிட்டாலோ, பாக்கெட், பாட்டில் ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வண்டி வருகிற வரை, குழந்தை விழுங்குமானால், ஸ்பூனில் உப்புக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.